எளிமைக்கு நாற்பத்திரண்டு விதிகள்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்தில் கணினி வேலை பார்த்த அவருக்கு 'எளிமை' என்று பெயர் வைத்திருந்தார்கள். மெக்கானிக்குகள் தாங்கள் சரிசெய்த பழுதுகளை எழுதிவைக்க அலுவலகத்துக்குள் ஒரு விக்கி, அதாவது எல்லாரும் எழுதக்கூடிய கணினிக் குறிப்பேடு, திறந்தபோது, எழுத்தைத் தடிப்பாக்கவும் தலைப்பாக்கவும் நாலைந்து எளிய குறிகள் தேவைப்பட்டன. ஐந்து நாள் வேலை. அவர் இரண்டு வருடம் செய்தார்.

சொல்லின் இரு பக்கமும் நட்சத்திரம் போட்டால் தடிப்பு. அதற்குள் சாய்வெழுத்து வந்தால்? அட்டவணைக்குள் பட்டியல் வந்தால்? யாரும் கேட்காத கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி நாற்பத்திரண்டு விதிகள் சேர்ந்தன. அவற்றில் அவருக்குப் பிடித்தது, திறந்த குறியை மூடாவிட்டால் அதற்குப் பின்னுள்ள எதுவுமே திரையில் வராது என்பது. எழுதுகிறவர்களுக்கு ஒழுங்கு வர வேண்டுமாம். இத்தனையையும் விளக்கும் கையேட்டை மட்டும், தன் குறிகளில் அட்டவணை கோணிக்கொள்கிறதென்று, பொத்தானை அழுத்தினாலே தடிப்பாகிவிடும் சாதாரண எடிட்டரில் தட்டினார்.

"இதெல்லாம் யாருங்க ஞாபகம் வச்சுக்குவாங்க?" என்றாள் மனைவி.

"உனக்குப் புரியாது."

"எளிமையா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மேலாளர் கெடு வைத்தார். மாதக் கடைசிக்குள் இந்தக் குறிகளோடு பத்துப் பக்கம் வராவிட்டால், பொத்தான் எடிட்டரை வாங்கிவிட்டு இவரை உதிரிபாகக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்.

பத்துப் பக்கம் வந்தது. குறி ஒன்றுகூட இல்லை.

"என்னப்பா இது, ஒரு நட்சத்திரம்கூடப் போடல?" என்று பட்டறைக்கே போய்க் கேட்டார்.

"படிச்சா புரியுதில்ல சார்? அப்புறம் எதுக்கு?" என்றார் மூத்த மெக்கானிக், கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி.

அற்பர்களோடு வாதாடுவது அவர் வழக்கமல்ல. தானே உட்கார்ந்து அலங்கரித்தார். 'முதலில் மெயினை அணைக்கவும்' என்ற வரி ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருந்தது. அதற்கு எச்சரிக்கைக் குறி போட்டு, அதே துண்டைப் பத்துப் பக்கத்திலும் ஒட்டினார். மூடும் குறியை மறந்துவிட்டார்.

மறுநாள் மேலாளர் அறையில், மூத்த மெக்கானிக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்தபோது, பத்துப் பக்கமும் வெறும் வெள்ளையாக வந்தன.

"நாங்க எழுதினப்ப எல்லாம் தெரிஞ்சுதே சார்," என்றார் மெக்கானிக்.

'எளிமை' திரைக்கருகே குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பார்த்தீங்களா சார், விதி எவ்வளவு கச்சிதமா வேலை செய்யுது."

கிடங்குச் சாவியை மேலாளர் அப்போதே எடுத்துக் கொடுத்துவிட்டார்.