மாட்டுக்கு அரைத்த பருத்திக்கொட்டை

எங்கள் வீட்டில் மாடும் நானும் ஒரே மாதத்தில் பிள்ளை பெற்றோம். மாடு முன்னால், நான் பின்னால். மாட்டுக்கு நடந்த கவனிப்பு எனக்கு நடக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச வராது. தாளில் எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

அறுபதுகளில் நடந்தது. ஊர், வல்லத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவில். எனக்கு அம்மா இல்லை. அதனால் தலைப்பிரசவமும் புருஷன் வீட்டிலேயே நடந்தது. பெண் குழந்தை. எலிக்குஞ்சு மாதிரி இருந்தாள்.

கன்று ஈன்ற மாட்டுக்கு என் மாமியார் செய்ததைச் சொல்கிறேன். பருத்திக்கொட்டையை முந்தின நாளே ஊறப் போட்டு, அரைத்து, பிண்ணாக்கும் தவிடும் கலந்து தொட்டியில் ஊற்றுவார். மாடு குடிக்கும்போது பக்கத்திலேயே நின்று முதுகைத் தடவிக் கொடுப்பார். "குடிம்மா. நீ நல்லாத் தின்னாத்தான் கன்னுக்கும் ஊறும், நமக்கும் ஊறும்" என்பார். மாட்டுக்கொட்டகைக்கும் நான் படுத்திருந்த இடத்துக்கும் நடுவில் ஒரு தட்டிதான். ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்கும்.

எனக்கு என்ன வைத்தார்? ஒரு பிடி சோறு, மிளகுத் தண்ணீர், சுட்ட பூண்டு. அதுவும் பொழுது உச்சிக்கு வந்த பிறகு. எள் தொடக் கூடாது, சூடு. வேர்க்கடலை தொடக் கூடாது, பித்தம். பால் குடிக்கிற பிள்ளைக்கு மாந்தம் வரும். தேங்காய் கூடாது, சளி பிடிக்கும். தண்ணீர்கூட நாக்கு நனைகிற அளவுதான். அதிகம் குடித்தால் வயிறு தொங்கிப்போகுமாம். எதில் எல்லாம் கொழுப்பும் சத்தும் இருக்கிறதோ அதை எல்லாம் பொறுக்கி எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, வெறும் சோற்றை என் முன்னால் வைத்தார்கள். இதற்குப் பெயர் பத்தியம்.

குழந்தை மார்பைச் சப்பிப் பார்த்துவிட்டு, வாயை எடுத்து அழும். மறுபடி சப்பும், மறுபடி அழும். இருந்தால்தானே வரும். மாமியார் வந்து பார்த்துவிட்டு, "உங்க வூட்டு வழியே வறண்ட வழிடி. உங்கம்மாவுக்கும் இப்டித்தான் இருந்திருக்கும்" என்பார். செத்துப்போன என் அம்மாவை இழுப்பார். பிறகு சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் நனைத்துக் குழந்தை வாயில் வைப்பார். கழுத்து மடிப்பில் சதை இல்லாமல் தோல் மட்டும் சுருங்கிக் கிடந்த பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர்.

அடுப்படியில் உறி ஒன்று தொங்கும். அதில் ஒரு பானை நிறைய எள்ளுருண்டை. மாமனாரும் என் வீட்டுக்காரரும் ஏர் ஓட்டப் போகும்போது ஆளுக்கு இரண்டு துண்டில் முடிந்துகொண்டு போவார்கள். கல்யாணமாகி வந்த நாளில் இருந்து அந்த எள்ளை வறுத்து, வெல்லம் சேர்த்து இடித்துப் பிடித்தவள் நான். பசி தாங்காமல் ஒருநாள் வாயைத் திறந்து கேட்டேன்.

"அத்த, ஒரே ஒரு எள்ளுருண்ட தர்றீங்களா?"

"இன்னாடி கேக்குற? ஆம்பள ஏர் ஓட்டப் போறான். நீ இன்னாத்த ஓட்டப் போற? பச்ச ஒடம்புல எள்ளத் தின்னுட்டு, நாளைக்குப் புள்ளைக்கு வயிறு பொருமிச்சுன்னா என்னியச் சொல்லுவாங்க."

பேசுகிற ஆள் இல்லை நான். ஆனால் அன்றைக்கு வயிற்றில் எரிந்தது பசி மட்டும் இல்லை.

தீட்டுக் கழிந்ததும் பழையபடி வேலை என் தலையில் வந்தது. முதல் வேலையே மாட்டுக்குப் பருத்திக்கொட்டை அரைப்பது. கொட்டகை ஓரத்தில் அதற்கென்று தனி ஆட்டுக்கல். பிள்ளையை மடியில் ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு மறுகையால் ஆட்டுவேன். கொட்டை அரைபட அரைபடப் பால் வெள்ளையாகத் திரண்டு வழியும். மாட்டுக்காக.

பக்கத்து வீட்டில் வாத்தியார் குடித்தனம். அவர் மனைவி மதுரைப் பக்கம். பிள்ளை இல்லை. மோர் வாங்க வந்தவர் நான் அரைப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏத்தா, இம்புட்டுப் பாலையும் மாட்டுக்கா ஊத்தப் போற?"

"ஆமாக்கா."

"எங்க ஊருல இதைக் காய்ச்சி விக்கிறாக. சாயங்காலமானா ஆம்பள பொம்பள எல்லாம் நின்டு குடிச்சிட்டுப் போவாக."

"மாட்டுத் தீனியையா?"

"மாடு தண்ணியுந்தான் குடிக்குது. அதுக்காக நீ தண்ணி குடிக்காம இருக்கியா?"

"தண்ணியும் குடிக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்கக்கா" என்றேன்.

அவர் சிரிக்க வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்து அப்படியே மூடிக்கொண்டார். மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். பிறகு மோர் வாங்க வந்த சொம்பை நீட்டி, "இதுல புழிஞ்சு ஊத்து. பச்சையாக் குடிச்சிராத, நல்லாக் கொதிக்கணும். நான் காச்சிக் கொண்டாரேன்" என்றார்.

பச்சரிசி மாவு கொஞ்சம் கரைத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சிக் கொண்டுவந்தார். வைக்கோல் போர் மறைவில் நின்று குடித்தேன். கெட்டியாக, வெதுவெதுப்பாக, தொண்டையில் இருந்து அடிவயிறு வரைக்கும் இறங்கினது தெரிந்தது. குடித்து முடித்ததும் அழுதுவிட்டேன். அத்தனை நாள் எவ்வளவு பசியோடு இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

அதன்பிறகு அதுவே வழக்கமானது. முதலில் பிழிந்த கெட்டிப் பால் அக்கா சொம்புக்கு, சக்கையும் பின்னால் பிழிந்த தண்ணிப் பாலும் மாட்டுத் தொட்டிக்கு. அக்கா கொண்டுவருகிற பாலோடு, முந்தானையில் முடிந்து ஒரு கை வறுத்த வேர்க்கடலையும் வரும். கூடவே ஒரு சொம்பு வெந்நீர். "முழுசாக் குடி" என்று நின்று பார்ப்பார். கொஞ்ச நாளில் எனக்கு எழுந்தால் கண் இருட்டுவது நின்றது. மார்பு கனத்தது. ரவிக்கை நனைந்தது. பிள்ளை வாயை எடுக்காமல் குடித்துவிட்டு அப்படியே தூங்கிப்போனாள். பிள்ளைக்கு மாந்தமும் வரவில்லை, மண்ணாங்கட்டியும் வரவில்லை. கன்னத்தில் சதை வந்தது.

மாமியார் அதைப் பார்த்து, "நான் சுத்திப் போட்டேன் இல்ல, அதான் அடங்கிக்கினா" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

பருத்திக்கொட்டையில் மந்திரம் ஒன்றும் இல்லை. எள்ளிலும் வேர்க்கடலையிலும் பூசணி விதையிலும் இருக்கிற அதே விஷயம்தான் அதிலும். மண்ணுக்குள் கிடக்கிற குருத்து வெளியே தலைகாட்டும்வரை தின்னட்டும் என்று செடி கட்டிக் கொடுக்கிற கட்டுச்சோறுதான் விதை. ஒரு செடியையே தூக்கி நிறுத்துகிற சோறு, பிள்ளை பெற்ற ஒருத்தியை நிறுத்தாதா? மாட்டுக்கு விளங்கின இது மனுஷர்களுக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்றுகூடச் சொல்ல மாட்டேன். மாட்டு விஷயத்தில் விளங்கித்தானே இருந்தது.

ஆனால் சக்கையைத் தின்கிற மாடு எத்தனை நாள் கெட்டிப் பால் கறக்கும். எங்கள் வீட்டுப் பால் ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடைக்குப் போகும். ஒருநாள் கடைக்காரரே சைக்கிளில் வந்து நின்றார்.

"இன்னா ஆயா, பால்ல ஏரியக் கலந்துட்டியா?"

மாமியாருக்கு முகம் செத்துவிட்டது. அவர் தண்ணீர் கலக்கிற ஆள் இல்லை. அதை நானும் சொல்லத்தான் வேண்டும். "எங்க மாட்டு மேல சத்தியமா ஒரு சொட்டு ஊத்தல" என்றார். கடைக்காரர், "அப்போ மாடே கலந்து குடுக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கே மாட்டுக்கு மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி வரவில்லையாம். அப்படியானால் கண்ணேறுதான் என்று முடிவாகிவிட்டது. மாட்டுக் கழுத்தில் கறுப்புக் கயிறு ஏறியது, கொட்டகை வாசலில் பழைய செருப்பு தொங்கியது. யார் கண் என்று யோசித்ததில் அதுவும் முடிவாகிவிட்டது. தினமும் சொம்போடு கொட்டகைப் பக்கம் வந்து போகிறவர் ஒருத்தர்தானே.

தெருக் கிணற்றடியில், தண்ணீர் சேந்த வந்த பெண்கள் எல்லார் முன்னாலும் மாமியார் ஆரம்பித்தார். வாத்தியார் வீட்டு அக்கா தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார், நானும் குடத்தோடு நின்றிருந்தேன்.

"வயித்துல ஒண்ணும் தங்காதவ, அடுத்தவ வூட்டு மாட்டு மடிய வந்து வந்து மொறச்சிக்கினு நின்னா, பால் எங்க தங்கும்? இனிமே எங்க வூட்டுப் பக்கம் அந்த சொம்பத் தூக்கிக்கினு வந்துடாத."

அக்கா கயிற்றைப் பிடித்தபடி நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். 'உன் மருமகளைக் கேள்' என்றால் முடிந்தது. அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பினால் நான் மாட்டிக்கொள்வேன் என்று தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சொன்னால் பருத்திப்பால் நின்றுபோகும், என் பிள்ளை மறுபடி சர்க்கரைத் தண்ணீருக்குப் போகும். சொல்லாவிட்டால் பிள்ளை இல்லாத ஒரு பெண்ணின் தலையில் இந்தப் பழி சாகிறவரைக்கும் உட்கார்ந்திருக்கும். அந்த வார்த்தை, 'வயிற்றில் தங்காதவள்' என்ற வார்த்தை, என் காதுக்குள் போய்ப் பற்றிக்கொண்டது.

"மாட்டுக்குக் கண்ணு கிண்ணு ஒண்ணும் படல அத்த" என்றேன். "பருத்திக்கொட்டப் பால நான்தான் குடிச்சேன். மாட்டுக்குச் சக்கையத்தான் வெச்சேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒருத்தி, "அடியே, அப்போ கறுப்புக் கயித்த உனக்கில்ல கட்டியிருக்கணும்" என்றாள். கிணற்றடியே சிரித்தது.

மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. "மாட்டு வாய்ல இருந்து புடுங்கித் தின்னியா?"

"ஆமா. நீ தின்னாத்தான் கன்னுக்கு ஊறும்னு நீங்கதான மாட்டாண்ட சொல்லிக்கினு இருந்தீங்க. நானும் தட்டிக்கு இந்தப் பக்கம் படுத்துக்கினு கேட்டுக்கினுதான் இருந்தேன்."

என் வாழ்நாளில் அதுவரைக்கும் நான் அவ்வளவு நீளமாகப் பேசினது இல்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். பெற்ற பிள்ளை பட்டினி கிடந்ததைச் சொன்னால் இவராவது ஒரு சொல் சொல்வார் என்று நினைத்தேன். அவர் தன் அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இனிமே இவளையும் சேர்த்து டீக்கடைக்கு ஓட்டிக்கினு போவலாம்பா" என்றார். இரண்டு பேரும் எள்ளுருண்டையைக் கடித்துக்கொண்டே சிரித்தார்கள். அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆகிறது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் காலையில் மாமியாரே ஆட்டுக்கல்லில் போய் உட்கார்ந்தார். முட்டி வலிக்காரர். பாதிகூட அரைபடவில்லை, எழுந்துவிட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன்.

"நான் அரைக்கிறேன் அத்த. அரைச்சா எனக்கும் உண்டு" என்றேன்.

மாமியார் உள்ளே போனார். நான் உட்கார்ந்து அரைத்தேன். அன்றைக்கு மறைவில் போகவில்லை. எங்கள் அடுப்பிலேயே காய்ச்சி, வாசலில் நின்று குடித்தேன். ஊறப் போடும்போது நானே ஒரு பிடி கூடப் போட ஆரம்பித்ததில் மாட்டுப் பாலும் பழையபடி கெட்டியானது. மாமியார் கடைக்காரரிடம், "கறுப்புக் கயிறு கட்டினேன், பார்த்தியா" என்று பெருமையாகச் சொன்னார்.

கிணற்றடியில் கொஞ்ச காலம் எனக்குப் பருத்திக்கொட்டை என்றே பெயர். அது எனக்கு வலிக்கவில்லை. வலித்தது வேறு. வாத்தியாரக்கா அதற்குப் பிறகு எங்கள் வாசல் மிதிக்கவே இல்லை. நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டபோது, "நீ தெம்பா இரு, போதும்" என்றார். பிறகு வாத்தியாருக்கு மாற்றல் வந்து, படப்பையில் போய் பஸ் ஏறினார்கள். உண்மை தெரிந்த பிறகும் எங்கள் வீட்டில் இருந்து ஒருத்தரும் அவரிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளைதான் என் மூத்த மகள். இப்போது அவளுடைய மகள் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். எள்ளும் பூசணி விதையும் வெல்லமும் சேர்த்து அழுத்தின ஒரு வில்லையை, மினுமினு காகிதத்தில் சுற்றினதை, ஷிப்டு முடிந்து வாங்கி வருகிறாள். "ஒடம்புக்கு ரொம்ப நல்லதாம் ஆயா, மேலயே போட்டுக்கீது" என்று எனக்குப் படித்துக் காட்டுகிறாள். தெரியும்டி என்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கிணற்றடிச் சண்டை நடந்த அடுத்த வருஷம் என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். அவளுக்கும் பால் போதவில்லை. அந்தப் பிள்ளையும் வாயை எடுத்துவிட்டு அழுதது. ஒருநாள் காலையில் நான் ஆட்டுக்கல்லைக் கழுவிக்கொண்டு இருந்தபோது மாமியார் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கொஞ்சம் கூட அரைச்சி வை. அதுல சுக்கு போடுவியே, அதும் போட்டுக் காச்சு. அதுக்குக் குடுக்கணும்."

நாத்தனார்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சின்னப் பெண். அரைத்தேன், காய்ச்சினேன். உறியில் இருந்து ஓர் எள்ளுருண்டையும் நானே எடுத்துத் தட்டில் வைத்தேன். மாமியார் வாங்கக் கை நீட்டியபோது நான் உடனே கொடுக்கவில்லை.

"இது மாட்டுத் தீனியாச்சே அத்த. எள்ளு சூடாச்சே."

"அது அப்போ" என்றார். டம்ளரையும் தட்டையும் வாங்கிக்கொண்டு மகளிடம் போனார்.