தொண்ணூற்றேழு வரவில்லை

அலுவலகத்தில் அவருக்கு டோக்கன் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேராக அக்கா. எழுந்து போனதும் வெறும் டோக்கன். எங்கள் நிறுவனத்துக்கு வருவதற்கு முன் பதினோரு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையில் டோக்கன் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர். படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு சரி. வயது நாற்பத்திரண்டு. கணவர் லிஃப்ட் மெக்கானிக். மகள் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்ததே ஒரு சண்டையால்தான். அந்த மருத்துவமனை எங்கள் மென்பொருளை வாங்கியிருந்தது. கவுன்ட்டரில் இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்தினால் கூடத்துச் சுவரில் உள்ள பெரிய திரையில் அடுத்த எண் வரும். ஒரு குரல் அதைப் படிக்கும். அவ்வளவுதான். அதைப் பொருத்தப் போன எங்கள் டீம் லீடரிடம் அக்கா ஒரு நீள நோட்டை நீட்டினார். பத்தொன்பது குறைகள், ஒவ்வொன்றும் மணி நிமிடத்தோடு. "நீங்க யாராவது ஒருநாள், ஒரே ஒருநாள், இந்த நாற்காலியில உக்காந்து பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாராம். டீம் லீடருக்கு எதற்கெடுத்தாலும் 'ஒரு நிமிஷம்' என்று ஆரம்பிக்கும் பழக்கம் உண்டு. அதனால் எங்களுக்கு அவர் ஒருநிமிஷம் சார். "ஒரு நிமிஷம்... இந்த வாய் எதிர்ப்பக்கம் இருக்கறத விட நம்ம பக்கம் இருக்கறது நல்லது" என்று சொல்லி அக்காவைச் சோதனையாளராக எடுத்துக்கொண்டார். இரண்டு வருட ஒப்பந்தம். அதற்குப் பிறகு நிரந்தரம் என்பது வாய்வார்த்தை.

நிரந்தரமானவர்களுக்குக் கழுத்தில் நீலப் பட்டை, மற்றவர்களுக்குப் பச்சை. "பச்சை பழுத்தா மஞ்சளாகும். இங்க மட்டும்தான் நீலமாகுது" என்பார் அக்கா. அந்த நீலம் அவருக்கு எதற்கு என்று எங்கள் வரிசையில் எல்லோருக்கும் தெரியும். நிரந்தரமானால் குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு உண்டு. லிஃப்ட் குழிக்குள் விழுந்ததில் அவர் கணவருக்குத் தோள்பட்டை கிழிந்திருந்தது. அறுவைச் சிகிச்சையை அந்தக் காப்பீட்டு அட்டை வரட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தார்கள்.

நான் சேர்ந்தபோது அக்காவுக்கு ஒன்றரை வருடம் முடிந்திருந்தது. எனக்கும் பச்சைதான், ஆறு மாதத்துக்கு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறார். பச்சைப் பட்டையோடு நான் நிற்கும் படத்தைத் தன் போனில் முகப்பாக வைத்துக்கொண்டு, நேரம் பார்ப்பதுபோல அடிக்கடி அதைப் பார்ப்பார்.

முதல் வாரம் எனக்குக் கொடுத்த வேலை மிகச் சிறியது. ஒவ்வொரு கவுன்ட்டர் கணினியிலும் திரையின் வலது கீழ் மூலையில், இப்போது ஓடும் பதிப்பு எந்தத் தேதியில் உருவாக்கப்பட்டது என்று சின்னச் சாம்பல் எழுத்தில் காட்ட வேண்டும். பழுது பார்க்கப் போகிறவர்களுக்கு வசதி. அதை அரை நாளில் முடித்தேன்.

ஆறாவது மாதம் வந்ததுதான் உண்மையான வேலை. கவுன்ட்டரில் ஓடுவது ஒரு நிரல், சுவர்த்திரையை நடத்துவது வேறொரு நிரல். முதலாவது இரண்டாவதற்குச் செய்தி அனுப்பும்: தொண்ணூற்றேழு, மூன்றாம் கவுன்ட்டர். திரை நிரலுக்கு அதுவரை ஒரே கை. செய்தியை வாங்கும்போது அதனால் திரையில் எழுத முடியாது. காலை நெரிசலில் ஆறு கவுன்ட்டரும் சேர்ந்து அழுத்தினால் திரை அப்படியே உறைந்து நிற்கும். அதற்கு இன்னொரு கை வைக்கச் சொன்னார்கள். பின்னணி த்ரெட் என்று எங்கள் பேச்சில் சொல்வோம். அது பின்னாலிருந்து செய்திகளை வாங்கி வாங்கி ஒரு பட்டியலில் போட்டுக்கொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் கை அரை நொடிக்கு ஒருமுறை வந்து, பட்டியலில் இருப்பதைப் பிரதியெடுத்துக்கொண்டு, பட்டியலைத் துடைத்துவிட்டுத் திரையில் எழுதும். நான்கு நாளில் எழுதினேன். திரை தண்ணீர்போல ஓடியது. "பரவாயில்லையே!" என்று ஒருநிமிஷம் சார் எல்லோர் முன்னாலும் சொன்னார். படிக்கட்டில் நின்று அப்பாவுக்குப் போன் செய்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லது, நல்லது" என்றார்.

மூன்றாம் நாள் அக்காவின் புகார் வந்தது. அதை இன்றும் வரி மாறாமல் சொல்வேன்.

"இரண்டு கவுன்ட்டர் ஒன்றாக அழுத்தினால் சில சமயம் ஒரு எண் திரைக்கு வருவதில்லை. நாற்பது தடவைக்கு ஒருமுறை இருக்கும். இன்று 97 வரவில்லை. 98 வந்தது. ஒன்பது பத்துக்கு டாக்டர் வந்ததும் எல்லாக் கவுன்ட்டரும் ஒரே நேரத்தில் அழுத்துவார்கள், அப்போது நடக்கும். 97 எழுந்து வந்து கேட்க மாட்டார். கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்தே இருப்பார்."

கடைசி இரண்டு வாக்கியங்களை ஒருநிமிஷம் சார் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினார். "குறை எழுதச் சொன்னா கதை எழுதறாங்கப்பா!" வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா ஒரு வங்கிக்கு என்னைக் கூட்டிப்போனார். அவர் எண் எப்படியோ தாண்டிப் போய்விட்டது. காலையில் போனவர்கள் மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தோம். போய்க் கேட்கலாம் என்று நான் எழுந்தபோதெல்லாம் "சும்மா இரு, கூப்பிடுவாங்க" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். அந்தக் கை எனக்கு நினைவிருந்தது. இருந்தும் சிரித்தேன்.

புகாரைச் சரிபார்க்க, என் நிரல் ஒவ்வொரு அடியிலும் என்ன செய்கிறது என்பதை ஒரு கோப்பில் எழுதிவைக்கும்படி சில வரிகள் சேர்த்தேன். எல்லோரும் செய்வதுதான். இருநூறு தடவை ஓட்டினேன். ஓர் எண்கூட விடுபடவில்லை. அந்தப் பதிப்பைக் கொண்டுபோய்ச் சோதனை அறையில் அக்காவின் கணினிகளில் ஏற்றினேன்.

அவர் இரண்டு விசைப்பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு கையாலும் ஒரே தாளத்தில் அழுத்துவார். அன்று எண்பது தடவை அழுத்தினார். எண்பதும் வந்தன.

"நேத்து வரல பாப்பா. என் கண்ணால பாத்தேன்."

"இப்ப வருதே அக்கா."

"இது நேத்து இருந்தது இல்ல. நீ என்னமோ மாத்திருக்க."

"ஒண்ணும் மாத்தல. உள்ள நடக்கறத எழுதி வைக்கச் சொல்லிருக்கேன், அவ்வளவுதான்."

"அப்ப எழுதாம ஓட்டிக் காட்டு."

அந்த நேரத்தில் ஒருநிமிஷம் சார் வந்து நின்றார். "ஒரு நிமிஷம்... எழுதினா என்ன, எழுதாட்டி என்ன? நிரல் ஒண்ணுதானே? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சொன்ன கதையா இருக்கு."

"கோணலான கூடத்துல பதினோரு வருஷம் ஆடினவ சார் நான்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் என் இடத்துக்கு வந்து, 'மீண்டும் நிகழவில்லை. தவறான புகார்' என்று எழுதி மூடினேன். சாயங்காலம் கை கழுவும் இடத்தில் அக்கா பக்கத்தில் வந்து நின்றார். கோபமாக இல்லை.

"இதோட பதினொண்ணு பாப்பா. ஐம்பத்திரண்டுல பதினொண்ணு தவறான புகார். அஞ்சுல ஒண்ணு தாண்டினா நீலம் கிடையாதாம். பத்தோட நின்னிருந்தா தப்பிச்சிருப்பேன்."

"அடுத்ததுல சரியாயிடும் அக்கா" என்றேன். எது சரியாகும் என்று எனக்கே தெரியாது.

அந்த மாதம் இருபத்தொன்றாம் தேதி காலை, வேறு ஏதோ வேலைக்காக என் பழைய வரிகளைப் படித்துக்கொண்டிருந்தேன். பிரதியெடு. துடை. இரண்டு வரிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. முன்னால் இருக்கும் கை பிரதியெடுத்து முடித்து, இன்னும் துடைக்காத அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் பின்னால் இருக்கும் கை ஒரு புது எண்ணைப் போட்டால்? அதுவும் சேர்ந்து துடைபடும். யாரும் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். எழுதிவைக்கும் வரிகளை நீக்கிவிட்டு ஓட்டினேன். முப்பத்தெட்டாவது தடவை ஓர் எண் காணாமல் போனது.

ஏன் முன்பு வரவில்லை என்பதும் அப்போது புரிந்தது. இரண்டு கைகளும் எழுதியது ஒரே கோப்பில். ஒன்று எழுதும்வரை மற்றது காத்திருக்கும். அந்தக் காத்திருப்பே இரண்டையும் மோதாமல் விலக்கிவைத்திருக்கிறது. எழுதாமல் ஓட்டிக் காட்டு என்றாரே அக்கா, அங்கேதான் இருந்தது எல்லாம்.

சரிசெய்யப் பத்து நிமிடம் ஆனது. பட்டியலை ஒரு கை தொடும்போது மற்றது தொடாதபடி ஒரு பூட்டு, மூன்று வரி. பிறகு அக்காவின் புகாரைத் திறந்து பார்த்தேன். கீழே 'மீண்டும் திற' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் பதினொன்று பத்தாகும். அழுத்தினால் அந்தப் பக்கத்தில் யார் எழுதிய நிரல், யார் தவறான புகார் என்று மூடியது என்பதும் எல்லோர் கண்ணிலும் படும். இரண்டு இடத்திலும் என் பெயர். முப்பதாம் தேதி ஒரே கூட்டத்தில் அவருடைய நிரந்தரமும் என்னுடைய நிரந்தரமும் முடிவாக இருந்தன.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அப்பாவின் போனில் இருக்கும் படத்தை நினைத்தேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் அப்போது எதையும் நினைத்த ஞாபகம் இல்லை. பயந்தேனா, கணக்குப் போட்டேனா? இரண்டும் வேறு வேறா என்றும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த வாரம் அக்காவை இரண்டு மாடி கீழே வேறொரு வேலைக்கு, விண்ணப்பப் படிவங்களைச் சோதிக்க அனுப்பியிருந்தார்கள். அவர் மட்டும் மேலே இருந்திருந்தால் நான் திருத்தியதை ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பார். என் மூன்று வரிகளை 'சிறு திருத்தங்கள்' என்ற தலைப்பின் கீழ்ச் சேர்த்து அனுப்பினேன். அன்றே புதுப் பதிப்பு உருவாகி மருத்துவமனைக்குப் போனது. பொத்தானை அழுத்தவில்லை.

இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் காலையில், இன்று சொல்லிவிடலாம் என்றுதான் வேலைக்குப் போனேன்.

முப்பதாம் தேதி எனக்கு நீலப் பட்டை கொடுத்தார்கள். அக்கா வரவேற்பு மேசையில் பச்சைப் பட்டையைக் கழற்றி, சுருட்டி, அதற்கு ஒரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் புன்னகைத்தார்.

"நீலம் உனக்கு எடுப்பா இருக்கு பாப்பா."

அப்பா போனில் படத்தை மாற்றினார்.

ஐந்து மாதம் கழித்து, அடுத்த பதிப்பை ஏற்ற அதே மருத்துவமனைக்கு என்னை அனுப்பினார்கள். கூடம் நிறைந்திருந்தது. மூன்றாம் கவுன்ட்டரில் அக்கா. பழைய நாற்காலியே கிடைத்திருந்தது, பழைய சம்பளத்தில். திரும்பிப் போய்விடலாமா என்று நின்றேன். அதற்குள் அவர் நிமிர்ந்துவிட்டார்.

"சொல்லுங்க மேடம்."

"அக்கா, நான்தான்..."

"தெரியுது. கண்ணு நல்லாத்தான் இருக்கு எனக்கு."

"அண்ணன் தோள் எப்படி இருக்கு?"

"தோள் இருக்கற எடத்துல இருக்கு. கையத்தான் தூக்க முடியல." பொத்தானை அழுத்தினார். சுவரிலிருந்த குரல் அறுபத்திரண்டு என்றது. "இப்ப ஒரு நம்பரும் விடறதில்ல மேடம். ஆறு பேரையும் ஒண்ணா அழுத்தச் சொல்லி ஒரு வாரம் பாத்தேன். நல்லா பண்ணிருக்கீங்க."

நான் பையில் படிவத்தைத் தேடினேன்.

"எப்ப சரி பண்ணீங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டார், சீட்டுகளை அடுக்கிக்கொண்டே. அதுவரை எங்காவது அவரைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"நீங்க போனப்புறம் அக்கா. அடுத்த மாசம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் கணினித் திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தார். அங்கே சாம்பல் எழுத்தில் இருபத்தொன்றாம் தேதி இருந்தது, அவர் பட்டையைக் கழற்றிக் கொடுத்த அதே மாதத்தின் இருபத்தொன்று. நானே வைத்த எழுத்து. ஐந்து மாதமாக, நாளுக்கு எட்டு மணி நேரம், அவர் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலால் அதன்மேல் இருந்த தூசியைத் துடைத்தார்.

"அப்படியா" என்றார். பிறகு, "புதுசு ஏத்த வந்தீங்களா?"

"ஆமாக்கா."

"ஏத்தினா இந்தத் தேதி மாறிடும்ல?"

"மாறிடும்."

"மத்தியானமா ஏத்துங்க மேடம். இப்ப கூட்டம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஆளு வரணும்."

பொத்தானை அழுத்தினார். அறுபத்து மூன்று. மூன்றாவது வரிசையில் ஒருவர் சீட்டை இரண்டு முறை பார்த்துவிட்டு, தன்னைத்தானா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு எழுந்து வந்தார். அக்கா அவரிடம் "வாங்கய்யா" என்றார்.

இரண்டு மணிக்கு ஏற்றினேன். மூன்றாம் கவுன்ட்டரில் அப்போது ஆள் இல்லை; சாப்பிடப் போயிருந்தார். மூலையில் அன்றைய தேதி வந்தது. சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டு, அவர் திரும்பி வருவதற்குள் கிளம்பினேன்.