ஒத்துழைப்புக் கொடுத்த பேராசிரியர்

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: மோசடியில் பணத்தை இழந்தவர்கள் ஏன் போலீசுக்குப் போவதில்லை? இதையே ஆங்கிலத்தில் இரண்டு வரிக்கு நீட்டி, நடுவில் ஒரு முக்காற்புள்ளி வைத்திருக்கிறோம். முக்காற்புள்ளி இல்லாத தலைப்பை எங்கள் துறையில் ஆராய்ச்சி என்று யாரும் மதிப்பதில்லை.

அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். சட்டம் படித்துவிட்டு கோர்ட்டுக்குப் போகாமல் இன்னும் படித்துக்கொண்டே இருப்பது அம்மாவுக்கு ஏதோ நோய்போலத் தெரிகிறது.

"இன்னாடா படிக்கிற, இத்தினி வருசமா?"

"பணத்த ஏமாத்துறவங்களப் பத்திம்மா."

"அதுக்கு இன்னாத்துக்கு காலேஜி? உங்க அப்பனக் கேளு. ஏமாந்த ஆளு வூட்டுலயே கீறாரு."

அம்மா சொன்னது தீபாவளிச் சீட்டை. கொத்தனார் வேலையில் மிச்சம் பிடித்து அப்பா ஒருவனிடம் சீட்டுக் கட்டினார். தீபாவளிக்கு முந்தின வாரம் அவன் வீட்டில் பூட்டு தொங்கியது. அப்பா போலீசுக்குப் போகவில்லை. ஆராய்ச்சி ஆரம்பித்த பிறகு ரெக்கார்டரை வைத்துக்கொண்டு ஏன் என்று முறைப்படி கேட்டேன். "குடுத்தது என் கை. எவன் புடிச்சி இழுத்தான்?" என்றார். அதோடு பேட்டி முடிந்தது.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் நான்காவது அத்தியாயத்தில் 'வெட்கம்' என்று ஒரு காரணம் எழுதினேன். என் கைடு சிவப்பு மையில் அதை அடித்தார். ஓரத்தில், "வெட்கம் சட்டச் சொல் அல்ல. கல்வியறிவின்மை என்று மாற்றவும்" என்று எழுதியிருந்தார்.

கைடைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்புப் பணம், மோசடி, வங்கிக் குற்றம் என்று இந்த ஊரில் எங்கே கருத்தரங்கம் நடந்தாலும் மேடையில் சார் இருப்பார். போலீஸ்காரர்களுக்கே வகுப்பு எடுப்பவர். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே இந்த ஊரில் இருக்கும் பழைய கத்தோலிக்கக் குடும்பம். தங்கையைக் கட்டிக்கொடுத்தது பாரீசில். கோபம் வந்தால் தமிழில் திட்டுவார், அதிகக் கோபம் வந்தால் பிரெஞ்சில். இரண்டும் எனக்குப் புரியும் அளவுக்கு அவரிடம் காலம் தள்ளிவிட்டேன். ஆராய்ச்சி மாணவன் என்றால் கேஸ் சிலிண்டர் புக் பண்ணுவதும் கரண்ட் பில் கட்டுவதும் ஆராய்ச்சியில் சேர்த்திதான். சாரின் மனைவியை மூட்டு வலிக்காகக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவதும் நான்தான். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் அவர். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். இரண்டு முட்டியையும் மாற்றியாக வேண்டும் என்று தனியார் டாக்டர் ஒருவர் சொல்லியிருந்தார். அதற்கென்று இருவர் பெயரிலும் வங்கியில் ஒரு டெபாசிட் இருந்தது. அந்தப் பணத்துக்கு வீட்டில் 'முட்டி' என்றே பெயர்.

அன்று என் அரையாண்டு அறிக்கையில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். கதவைத் திறந்த டீச்சர் உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா தம்பி. சார் டெல்லிகூட பேசிட்டிருக்காரு, காலையிலேர்ந்து. ரகசியக் கமிட்டியாம்."

"எந்தக் கமிட்டி டீச்சர்?"

"ரகசியம்னா எந்தக் கமிட்டின்னு எப்படிப்பா தெரியும்? ஜன்னல் வழியா இட்லி குடுத்தேன். சட்னி வேணுமான்னு கேட்டா, அந்தப் பக்கம் பர்மிஷன் கேட்டுட்டுத் தலையாட்டுறாரு."

சட்னிக்கு அனுமதி கேட்கும் கமிட்டியை நான் கேள்விப்பட்டதில்லை. பக்கத்துச் சந்தில் போய் ஜன்னல் ஓரமாக நின்றேன். சார் கழுத்தில் டை கட்டி லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் லுங்கி. இதை எழுத சார் இரண்டே நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தார். பெயரைப் போடக்கூடாது, லுங்கியைச் சொல்லக்கூடாது. இரண்டாவதைக் காப்பாற்ற முடியவில்லை, மன்னிக்கவும்.

திரையில் காக்கிச் சட்டைக்காரன் ஒருவன். பின்னால் தேசியக் கொடி. அவன் பண மோசடித் தடுப்புச் சட்டத்தின் ஏதோ ஒரு பிரிவைச் சொன்னான். சார் ஆங்கிலத்தில், மிகுந்த மரியாதையோடு, குற்றம் மூன்றாவது பிரிவில் வருகிறது, தண்டனைதான் நான்காவது என்று திருத்தினார்.

"எஸ், எஸ், செக்‌ஷன் த்ரீ" என்றான் அவன். நன்றாகப் படிக்கும் மாணவன் கிடைத்த திருப்தி சாரின் முகத்தில் தெரிந்தது. இப்படியே காலையிலிருந்து அவனுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்து, தன்னைக் கைது செய்யும் அளவுக்குத் தயார்ப்படுத்தியிருக்கிறார்.

அடுத்து அவன், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அறுநூற்றுப் பன்னிரண்டாம் பிரிவின்படி நீங்கள் இன்னும் டிஜிட்டல் காவலில் இருக்கிறீர்கள் என்றான். சார் ஒரு கணம் தயங்கினார்.

"ஆஃப் கோர்ஸ். சிக்ஸ் ட்வெல்வ்" என்றார்.

அந்தத் தயக்கம் எனக்குப் புரிந்தது. புதுச் சட்டங்கள் வந்ததிலிருந்து எல்லாப் பிரிவுகளுக்கும் எண் மாறிவிட்டது. நானூற்றிருபது என்று ஊரே வசவாகச் சொல்லிக்கொண்டிருந்த பிரிவுக்கே இப்போது வேறு எண். பழைய எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர் சார். புதுப் புத்தகங்களை வாங்கி, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தார். 'அந்தப் பிரிவு எனக்குத் தெரியாது' என்று ஒரு காக்கிச் சட்டைக்காரனிடம் சொல்ல அவருக்கு வாய் வராது.

என் பையில் அந்தச் சட்டத்தின் சின்னப் பதிப்பு இருந்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். ஐந்நூற்று முப்பத்தொன்றோடு சட்டம் முடிந்துவிடுகிறது. ஆனாலும் அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தேன். ஏதாவது திருத்தம் வந்து நான்தான் படிக்காமல் விட்டுவிட்டேனோ? சாரை விழுங்கிய அதே பயம்தான்.

அப்போது அவன், மீதி டெபாசிட்டையும் சரிபார்ப்புக்கு அனுப்புங்கள் என்றான். மீதி என்ற சொல் காதில் விழுந்ததும் ஹாலுக்கு ஓடி மோடத்தின் வயரைப் பிடுங்கினேன்.

கதவு திறந்தது. "யோவ்! லைன கட் பண்ணது யாரு? என் ஜாமீன ரத்து பண்ணிடுவான்யா!"

"ஜாமீனா? கமிட்டிக்கு எதுக்கு ஜாமீன்?" என்றார் டீச்சர்.

சாரின் போன் அலற ஆரம்பித்தது. அதை வாங்கி சோபா மெத்தைக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டேன். கைடுக்கு முன்னால் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. போன வாரம் டீச்சர் பாரீசுக்கு நாத்தனார் பெயரில் பார்சல் போட்டிருந்தார். முறுக்கு, வடகம், பருப்புப் பொடி. அந்தப் பார்சலில் போதைப் பொடி சிக்கியிருக்கிறது என்று போன் வந்திருக்கிறது. பாரீசுக்குப் பார்சல் போடாத வீட்டை இந்த ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவன் கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் சாரின் நெற்றியில் பட்டிருக்கிறது.

"அது பருப்புப் பொடின்னு சொன்னேன். லேபுக்கு அனுப்பியிருக்கோம்னான். நியாயந்தானே? ரிப்போர்ட் வர்ற வரைக்கும்..."

"என் பொடியவா லேபுக்கு அனுப்புனான்?" டீச்சருக்கு உண்மையிலேயே பதற்றம். "பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாப் போச்சு, அதுக்கா?"

இப்போது நான் ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். 'சார், ஏமாந்துட்டீங்க' என்று கைடின் முகத்தைப் பார்த்து எந்த மாணவனாலும் சொல்ல முடியாது. எத்தனை 'ங்க' போட்டாலும் அதில் மரியாதை ஏறாது. திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

"சார், உங்கள யாரோ ஏமாத்தியிருக்காங்க சார்."

திருடனுக்கும் சேர்த்து மரியாதை கொடுத்தாகிவிட்டது. பரவாயில்லை.

"நான் ஏமாறலப்பா. விசாரணைக்கு ஒத்துழைப்புக் குடுத்தேன்."

"எவ்ளோ ஒத்துழைப்பு சார்?"

சார் டீச்சரின் காலைப் பார்த்தார். "ஒரு முட்டி."

டீச்சர் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இப்படிப் போகும் பணம் ஒரு கணக்கில் நிற்காது. கைமாறிக் கைமாறி ஓடும். உடனே புகார் கொடுத்தால் போகிற வழியில் எங்காவது வங்கி நிறுத்திவைக்கும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே சார்தான். "சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு அடிக்கலாம் சார்" என்றேன்.

"அடிச்சா ஸ்டேஷனுக்கு வரச்சொல்வான். அந்த இன்ஸ்பெக்டருக்குப் போன மாசம்தான்யா கிளாஸ் எடுத்தேன். மொத வரிசையில உக்காந்து நோட்ஸ் எடுத்தாரு. பொன்னாட போத்துனாரு. மொத பாயிண்டே, வீடியோ கால்ல கைது பண்ண சட்டத்துல எடமில்ல!"

"அப்போ உங்களுக்குத் தெரியுமே சார்?"

"பழைய சட்டத்துலதான் எடமில்லன்னு நெனச்சேன்."

டீச்சர் கையை நீட்டினார். "தம்பி, போனக் குடு. கணக்கு என் பேர்லயும்தான் இருக்கு."

என் போனிலிருந்து அவரே பேசினார். வங்கிப் பெயர், கணக்கு எண் எல்லாம் கரும்பலகையில் எழுதுவதுபோலத் தெளிவாகச் சொன்னார். அந்தப் பக்கத்துப் பெண் கேட்டது எங்களுக்கும் கேட்டது. "பணம் அனுப்பி ஏமாந்தது யாரும்மா?"

டீச்சர் சாரைப் பார்த்தார். சார் மின்விசிறியைப் பார்த்தார்.

"நான்தாங்க. வூட்ல சும்மா இருக்கறவ. ஒண்ணும் வெவரம் பத்தாது."

சார் இன்னும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். 'இல்லத்தரசி, விழிப்புணர்வு இல்லாதவர்' என்ற வரியை எத்தனை வழக்குக் கட்டுகளிலிருந்து நான் அட்டவணையில் ஏற்றியிருப்பேன்? அந்த வீடுகளில் யார் யார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ.

ஸ்டேஷனுக்கு நேரில் வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். டீச்சர் என் ஸ்கூட்டரில் வந்தார். சார் தனியாக ஆட்டோவில் வந்து, எதிர்ப்பக்கத்து ஜூஸ் கடையில் ஒதுங்கிக்கொண்டார். தெரிந்தவர்கள் யாராவது பார்த்தால் சாத்துக்குடி குடிக்க வந்ததாக இருக்கட்டுமாம்.

உள்ளே ஒரு பெண் காவலர் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தார். பெயர், முகவரி முடிந்தது. "படிப்பு?"

"எட்டாவது போட்டுக்கம்மா" என்றார் டீச்சர்.

அப்போதுதான் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். எழுந்தே விட்டார். "டீச்சர்! நீங்களா? எட்டாவதா? ஒம்பதாவதுல என்னக் கணக்குல பெயிலாக்குனதே நீங்கதானே!"

"நீ பின்பெஞ்சுதானே" என்றார் டீச்சர், குரல் உள்ளே போய்.

"நீங்க ஏமாந்தீங்களா டீச்சர்? மீதிச் சில்லறையையே ரெண்டு தடவ எண்ணுவீங்களே." காவலர் குரலைத் தாழ்த்தினார். "யாருன்னு கரெக்டா சொல்லுங்க டீச்சர். மனுவுல பொய் இருந்தா நாளைக்குக் கோர்ட்டுல நிக்காது. பணம் அப்புடியே போயிடும்."

டீச்சர் முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் ரோட்டைத் தாண்டி ஜூஸ் கடைக்குப் போனேன். சாரிடம் சட்டம் பேசிப் பயனில்லை என்று அதற்குள் தெரிந்திருந்தது.

"சார், டீச்சர் எட்டாவதுதான் படிச்சேன்னு எழுதச் சொல்லிட்டாங்க."

வாயிலிருந்த ஸ்ட்ராவை எடுத்தார். "எட்டாவதா? அவ எம்.எஸ்ஸில கோல்டு மெடல்யா!"

"அங்க எட்டாவதுதான் சார் ஏறிக்கிட்டிருக்கு."

சார் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். எழுத முடியாதது. பாதி ஜூஸை மேசையிலேயே வைத்துவிட்டு, வண்டி வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டினார். கடைக்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு நான் பின்னால் ஓடினேன்.

"அத அழிம்மா" என்றார் காவலரிடம். "இவங்க எம்.எஸ்ஸி. ஏமாந்தது நான். தொழில், சட்டப் பேராசிரியர்."

விரல்கள் கீபோர்டில் நின்றன. "எந்தப் பாடம் சார்?"

"நிதிக் குற்றங்கள்."

காவலர் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது நன்றாகத் தெரிந்தது. பாவம், அவரும் மனுஷிதானே. சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். சாரைப் பார்த்ததும் சல்யூட் வைத்தார்.

"சார்! கிளாஸ் இன்னிக்கா? எனக்குச் சொல்லவே இல்லையே!"

"இல்ல சார்" என்றார் சார். "கேஸ்."

முழு வாக்குமூலத்தையும் சாரே சொன்னார். பருப்புப் பொடி, இட்லி, டை, சட்னி அனுமதி எல்லாம். இன்ஸ்பெக்டர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அதற்காக அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. நடு நடுவே வங்கிக்குப் பேசிக்கொண்டிருந்தவர், கடைசியில் போனை வைத்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"முக்கால்வாசி ரெண்டாவது கணக்குலயே நின்னுடுச்சும்மா. கால்வாசிய எடுத்துட்டான். நின்னதுக்குக் கோர்ட்டு ஆர்டர் வாங்கணும், கொஞ்ச நாள் ஆவும்."

"முக்கால் முட்டியா?" என்றார் டீச்சர்.

இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை. சார் அவருக்கு விளக்க வாயெடுத்தார். கோர்ட்டு, மனு, எந்தப் பிரிவு என்று தொடங்குவதற்குள் டீச்சர் கையை நீட்டினார்.

"அதெல்லாம் அப்புறம் சொல்லலாம். எழுந்திரிக்க முடியல. கை குடுங்க."

இந்தப் பக்கம் சார், அந்தப் பக்கம் ஒன்பதாவதில் பெயிலான காவலர். தூக்கிவிட்டார்கள்.