நான்காவது படி

மில்லர்ஸ் பென்டில் ஆற்றின் அகலம் இருநூற்றுப் பத்து மீட்டர். அதை அஞ்சலா ஒரு நாளில் எண்பது தடவையாவது கடப்பாள். சிட்னியிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள அந்தச் சிற்றூரில் பாலம் கிடையாது. இரும்புக் கம்பியைப் பிடித்தபடி ஓடும் வாகனப் படகுதான். மன்னாரில் பிறந்து, பரமட்டாவில் பேருந்து ஓட்டியவள், ஒன்பது ஆண்டுகளாக இந்தப் படகை ஓட்டுகிறாள்.

கடக்க நான்கு நிமிடம். அதற்குள் கார்க் கண்ணாடியை இறக்கி ஊர்க்கதை சொல்வார்கள். கதை முடியாவிட்டால் இறங்காமல் கூடவே திரும்பி வருகிறவர்களும் உண்டு. அக்கரையிலிருக்கும் கெவின் பால் வாங்கத் தினமும் இரண்டு முறை கடந்தபோதே, அவருக்கும் இக்கரைக் கடைக்கார ஜில்லுக்கும் என்ன சங்கதி என்று அஞ்சலாவுக்குத் தெரிந்துவிட்டது. தனி மனிதர், வயது எழுபத்தொன்று. எவ்வளவு பால்தான் குடிப்பார்?

அவர்கள் கலியாணம் போன மார்ச்சில், ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, இக்கரை மண்டபத்தில் என்று முடிவாயிற்று. அன்று காலை ஏழு மணிக்கு வானம் பளிச்சென்றிருந்தது. ஆனால் ஆற்றில் வேரோடு ஒரு மரம் மிதந்து வந்தது. பின்னாலேயே யாருடையதோ ஒரு கோழிக்கூடு. துறை ஏணியில் இரண்டு படிகளைக் காணோம். நான்கு படி மூழ்கினால் படகை நிறுத்த வேண்டும். அப்புறம் மாப்பிள்ளை எப்படி வருவது?

கணவனை ஃபோனில் அழைத்தாள். “இஞ்சருங்கோ, கலியாணத்தைப் பத்து மணிக்கு வைக்கச் சொல்லப் போறன்.”

“உமக்கென்ன விசரே?” விருந்துக்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தான் றெக்சன். “வெயில் எறிக்குது. தண்ணி ஏறாட்டி இந்தச் சனம் இருபது வருசத்துக்குச் சொல்லிச் சிரிக்கும்.”

“ஓம், சிரிக்கட்டும். பொரிச்ச மட்டும் கொண்டு வாங்கோ.”

அவன் சொன்னது பொய்யில்லை. பழைய வெள்ளமொன்றில் ஃபிரிட்ஜை மரத்தில் கட்டிவைத்தவரின் பேரனுக்கு இன்றைக்கும் ஊரில் ‘ஃபிரிட்ஜ்’ என்றுதான் பெயர்.

அஞ்சலா கடைக்குப் போய்ச் சொன்னதும் ஜில் ஆற்றைப் பார்த்தார், அஞ்சலாவைப் பார்த்தார். “என் தலைமுடி அலங்காரம்?” என்றார். பிறகு தானே பதிவாளரை அழைத்தார்.

எட்டரைக்கு அக்கரைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவருக்குப் பாதிக் கன்னம்தான் மழித்திருந்தது. இன்னொருத்தியின் தலையில் முடி சுருட்டும் உருளைகள். கெவின் கோட்டும் வீட்டுச் செருப்புமாக வந்தார்.

“தண்ணீர் ஏறாவிட்டால் உன்னை ஆற்றில் தள்ளுவேன்!” என்றார்.

“நீங்கள் சிரமப்பட வேண்டாம். நானே குதிக்கிறேன்,” என்றாள் அஞ்சலா. சிரித்தாளே தவிர, கண் ஏணியை விட்டு நகரவில்லை. மூன்றாவது படி இன்னும் வெளியேதான் தெரிந்தது.

பத்தரைக்குக் கலியாணம் முடிந்தது. பன்னிரண்டுக்குக் கேக் வெட்டும்போது அஞ்சலா உயிர்காப்பு அங்கியோடு மண்டப வாசலில் வந்து நின்றாள். நான்கு விரல்களை உயர்த்திக் காட்டினாள். மண்டபம் கூரை அதிரக் கத்தியது.

அக்கரைக்காரர்கள் முப்பத்தெட்டுப் பேர் வீடு திரும்ப வழியில்லாமல் மண்டபத்திலேயே படுத்தார்கள். றெக்சன் மறுபடி எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தான்.

படகு வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மீண்டும் ஓடத் தொடங்கியது. முதல் வண்டி கெவினுடையது, பக்கத்தில் ஜில்.