சிக்கந்தரின் மூணாம் நம்பர் வுட்டு

மகனுக்கு ஓட்டப்பந்தய ஷூ வாங்க வேண்டும் என்று கோயம்புத்தூரில் ஒரு பெரிய விளையாட்டுச் சாமான் கடைக்குப் போயிருந்தேன். அவன் ஒவ்வொரு ஜோடியாகக் காலில் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான். எனக்குப் பொழுது போகவில்லை. கால் தன்னால் கோல்ஃப் மட்டைகள் சாத்தி வைத்திருந்த பக்கம் போயிற்று. அங்கே நின்றிருந்த பெண் என் நரைமுடியைப் பார்த்துப் பெரிய ஆட்டக்காரன் என்று முடிவு கட்டியிருக்க வேண்டும். ஒரு மட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, "இது நல்லா ஆடுறவங்களுக்குன்னே வந்திருக்கிற ஃபேர்வே வுட் சார். தலை சின்னது. புதுசா பழகுறவங்களுக்குச் சரிப்படாது" என்றார்.

நான் அதைத் திருப்பி அடிவயிற்றைத் தடவிப் பார்த்தேன். கிண்ணத்தின் அடிப்பக்கம் போல வழவழவென்று உருண்டிருந்தது. அவ்வளவுதான். வேண்டாம்மா என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிடிக்கலையா சார் என்று அந்தப் பெண் கேட்பதற்குள் மகன் இருந்த பக்கம் நடந்துவிட்டேன்.

கோல்ஃப் என்றதும் நான் பங்களாவில் பிறந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா திண்டுக்கல்லில் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். மேட்டுப்பட்டிப் பக்கம் ஓட்டு வீடு. தொண்ணூறுகளில் நான் வேடசந்தூரில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். அங்கே மேனேஜராக இருந்தவருக்குக் கோல்ஃப் பைத்தியம். ஞாயிறுதோறும் கொடைக்கானலுக்குக் காரில் கிளம்பிவிடுவார். ஆட்டத்துக்கு நாலு பேர் தேவை. மூன்று பேர்தான் இருந்தார்கள். நாலாவது ஆளாக என்னை இழுத்துக்கொண்டு போனார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேனேஜர் கூப்பிட்டால் கிணற்றில்கூடக் குதிப்போம், மலையேற மாட்டோமா? அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஞாயித்துக்கெழம பூசைக்கு வர நேரமில்ல, குச்சியத் தூக்கிட்டு மலைக்குப் போக நேரமிருக்கோ?" என்று வாசல் வரைக்கும் வந்து கேட்பார். ஊரில் மற்றவர்களும் சும்மா விடவில்லை. கிட்டிப்புள்ளை கார் வைத்துப் போய் ஆடுகிறவன் என்று பெயர் வாங்கினேன்.

அங்கேதான் சிக்கந்தரைப் பார்த்தேன். பனிக்கு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு தனியாக ஆடிக்கொண்டிருந்தான். எந்த ஊர் என்று கேட்டால் திண்டுக்கல் பேகம்பூர் என்கிறான். நம்ம ஊர்க்காரனைப் பார்க்க இம்புட்டு உயரம் ஏறி வரவேண்டியிருக்கு பாரு என்று இரண்டு பேரும் சிரித்தோம். அவன் அத்தா தோல் ஷாப்பு வைத்திருந்தார். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிற தொழில். வாங்க வருகிற வெள்ளைக்காரர்கள் இரண்டு நாள் மலையில் தங்கி ஆடிவிட்டுப் போவார்கள். துணைக்குப் போன சிக்கந்தர், சும்மா நிற்பானேன் என்று ஒரு மட்டையை வாங்கி அடித்துப் பார்த்திருக்கிறான். அன்றைக்குப் பிடித்தது. நாலைந்து வருஷத்தில் அந்த மைதானத்தில் அவனை ஜெயிக்க ஆளில்லை.

தோல் ஷாப்பின் வாசனை தெரியுமா உங்களுக்கு? சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஊறின தோலும் சேர்ந்த நாற்றம். சட்டையில் ஏறினால் மூன்று சலவைக்கும் போகாது. கொடைக்கானல் பனியிலும் சிக்கந்தர் பக்கத்தில் வந்தால் அந்த வாசனை அடிக்கும். முதலில் மூக்கைச் சுளித்தேன். பிறகு அது இல்லாமல் ஆட்டம் ஆட்டமாகவே இருக்காது.

அவனுடைய பலம் மூணாம் நம்பர் வுட்டு. வுட்டு என்று பெயரே தவிர மரம் கிடையாது, இரும்புத் தலைதான். முதல் அடியைச் சின்ன முளையில் பந்தை வைத்து அடிக்கலாம், யாரும் அடித்துவிடுவார்கள். இரண்டாவது அடிக்கு முளை இல்லை. பந்து தரையில் கிடக்கிறபடியே, நீளமான மட்டையால் தூரமாக அடிக்க வேண்டும். கை தேர்ந்தவர்களே அந்த இடத்தில் வுட்டை எடுக்க யோசிப்பார்கள். நான் அதைத் தொட்டால் பந்து தவளை மாதிரி நாலு குதி குதித்து நின்றுவிடும். சிக்கந்தர் அடித்தால் முதலில் ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு பந்தை வானத்தில் தேட வேண்டும்.

வாரம் முழுக்க மலையேற முடியுமா? தாடிக்கொம்பு போகிற வழியில் ஒரு கண்மாய். வருஷத்தில் முக்கால்வாசி நாள் வறண்டு கிடக்கும். அதுதான் எங்கள் மைதானம். ஆடு மேய்க்கிற ஒரு அக்கா மட்டும் எங்களைச் சந்தேகமாகவே பார்ப்பார். ஆட்டு மேல் பட்டால் யார் பதில் சொல்வது என்று அவர் கேட்க, பட்டால் தோலை எங்க ஷாப்புக்கே எடுத்துக்கிறேன் என்று சிக்கந்தர் சொல்லி ஏச்சு வாங்கிக்கொள்வான்.

கண்மாய்த் தரை வெடித்துச் சிமெண்டுத் தளமாக இறுகிக் கிடக்கும். வுட்டின் உருண்ட வயிறு அதில் பட்டதும் எகிறி, பந்தின் தலையில் மோதும். பந்து உருளுமே தவிரப் பறக்காது. சிக்கந்தர் யோசித்தான். ஷாப்பின் பின்கட்டில் ஒரு சாணைக்கல் இருந்தது, தோலின் சவ்வை வழிக்கிற கத்திகளைத் தீட்டுவதற்கு. அதில் வைத்து வுட்டின் வயிற்றைத் தேய்த்துத் தட்டையாக்கி, முன்விளிம்பையும் கூராக்கிவிட்டான். மறுநாள் கண்மாயில் அடித்தான். நூல் பிடித்த மாதிரி போயிற்று பந்து. மலையில் கோடைக்காலத்துக் காய்ந்த புல்லிலும் அப்படியே போயிற்று. வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியாத வித்தை பேகம்பூர்க்காரனுக்குத் தெரிந்துவிட்டது என்று நான்தான் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன்.

மழைக்காலத்தில் மட்டும் நாங்கள் ஆடுவதில்லை. கண்மாயில் தண்ணீர் நிற்கும். மலையில் பாதை வழுக்கும், மேனேஜர் காரை எடுக்க மாட்டார். மட்டைகள் பரணுக்குப் போய்விடும். அதனால் தீட்டிய வுட்டு ஈரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. தெரியாது என்பதுகூடத் தெரியாது.

அப்புறம் ஷாப்புகள் மூட ஆரம்பித்தன. கழிவுத் தண்ணீர்ப் பிரச்சினை. நியாயமான பிரச்சினைதான். அந்தப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் உப்பாகி, வாயில் வைக்க முடியாமல் போயிருந்தது. ஆனால் மூடிய கதவுக்கு உள்ளே இருந்தவர்களும் மனிதர்கள்தானே. சிக்கந்தரின் அத்தா வீட்டைவிட்டு வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார். தொழுகைக்குக்கூட வீட்டிலேயே பாயை விரித்தார். சிக்கந்தரின் மனைவி பிள்ளையுண்டாகியிருந்தார். அவனுக்குத் தோலைத் தவிர வேறு தொழில் தெரியாது.

தோலைத் தவிரத் தெரிந்தது கோல்ஃப் ஒன்றுதான். பெருநகரத்துக் கிளப் ஒன்றில் பயிற்சி கொடுக்க ஆள் தேவை என்று செய்தி வந்தது. சம்பளம், தங்க வீடு எல்லாம் உண்டு. ஆனால் அதற்கு முன் ஒரு தேர்வு. கொடைக்கானலிலேயே, அவன் கைரேகை மாதிரி அறிந்த மைதானத்தில், குறிப்பிட்ட அடிகளுக்குள் ஆடி முடிக்க வேண்டும். அல்லாவே வழி விட்டுட்டான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த வருஷம் கீழே மழை ஏமாற்றிவிட்டது. கண்மாய் ஐப்பசியிலும் காய்ந்தே கிடந்தது. மில்லில் ஷிப்ட் முடிந்து நான் வருவதற்குள் அவன் தனியாக அடித்துக்கொண்டிருப்பான். உள்ளங்கை தோலுரிந்து, துணி சுற்றிக்கொண்டு அடித்தான். சாப்டியா என்று கேட்டால் பந்தைப் பார்த்துக்கொண்டே, "செத்த நேரம் இரு மாப்ள" என்பான்.

தேர்வன்று நான் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு அவன் பையைச் சுமந்துகொண்டு போனேன். கீழே இல்லாத மழை அத்தனையும் மேலே பெய்திருந்தது. புல் கணுக்கால் நனைய நின்றது, தரை ஊறின ரொட்டி போல மெத்தென்றிருந்தது. ஆனாலும் சிக்கந்தர் அருமையாக ஆடினான். முளையிலிருந்தும், சின்ன மட்டைகளாலுமே சமாளித்துக்கொண்டு வந்தான். கடைசிக் குழிக்கு வரும்போது கணக்கு இழுபறியாக நின்றது. நீளமான குழி, நடுவில் ஓடை. இரண்டாவது அடியில் ஓடையைத் தாண்டினால் வேலை. ஓடைக்கு இந்தப் பக்கமே பத்திரமாக நிறுத்தினால் ஒரு அடி கூடிப்போகும், எல்லாம் போச்சு.

பந்து ஈரப்புல்லில் பாதி புதைந்து கிடந்தது. அவன் வுட்டைக் கேட்டு வாங்கினான். ஈரமா இருக்கே என்றேன். நம்ம கண்மாயின்னு நெனச்சுக்கிறேன் என்றான். நிதானமாகத்தான் அடித்தான். நான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன், பழக்கம். வானத்தில் ஒன்றுமில்லை. கூரான விளிம்பு மண்வெட்டியாகத் தரைக்குள் இறங்கி நின்றுவிட்டது. பெரிய புல்கட்டி ஒன்று பெயர்ந்து முன்னால் போய் விழுந்தது. பந்து அதற்கும் இந்தப் பக்கம் கிடந்தது.

வயிறு உருண்டையாக இருப்பது எதற்கு என்று அப்போதுதான் எங்கள் இரண்டு பேர் மண்டைக்கும் எட்டியது. ஈரமண்ணில் குத்தாமல் வழுக்கிக்கொண்டு போகத்தான் அந்த வயிறு. அதை நாங்கள் சாணைக்கல்லில் தேய்த்துத் தூளாக்கி ஊதிவிட்டிருந்தோம்.

இனி அங்கிருந்து நேராகக் குழிக்குள்ளேயே போனால்தான் உண்டு. அது நடக்காது என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் மறுபடி அதே மட்டையை இறுக்கிப் பிடித்தான்.

"சிக்கந்தரு, வேற மட்டைய எடுப்பா."

"போகும்டா. இது போயே ஆகணும்."

அவன் குரலில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு கெஞ்சலை நான் கேட்டதில்லை. என்னிடம் கெஞ்சவில்லை, மட்டையிடம் கெஞ்சினான். பந்து ஓடையில் விழுந்தது. அதற்குப் பிறகும் அவன் முறையாக ஆடி முடித்தான். தொப்பியைக் கழற்றிவிட்டு, எண்ணிக்கை குறித்துக்கொண்டு வந்தவருக்குக் கை கொடுத்தான். நான் திரும்பி நின்று அழுதேன்.

திருச்சி பஸ்ஸில் மலை இறங்கினோம். வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்தியபோது சிக்கந்தர் என் பக்கம் திரும்பினான். "வீட்ல என்னான்னு சொல்லட்டும் மாப்ள?" என்றான். நான் அவன் டம்ளரையும் வாங்கிக்கொண்டு போய்க் காசு கொடுத்துவிட்டு வந்தேன். திண்டுக்கல்லில் இறங்கியபோது மட்டைப் பையை மேல்தட்டிலேயே விட்டுவிட்டு நடந்தான். கண்டக்டர் கூப்பிட்டுப் பார்த்தார். சிக்கந்தர் திரும்பவில்லை. நானும் ஏறிப் போய் எடுக்கவில்லை. பஸ் திருச்சிக்குப் போய்விட்டது.

பிள்ளை பிறந்த கையோடு அவன் சவூதிக்குப் போனான், ஒரு கிட்டங்கியில் சரக்கு பார்க்கிற வேலைக்கு. அத்தா மௌத்தாகி அடக்கம் செய்தபோதுகூட வர முடியவில்லை. நான் வேலை பார்த்த மில் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் கைமாறி, பிறகு மூடிக் கிடந்து, இப்போது கல்யாண மண்டபமாகிவிட்டது. தாடிக்கொம்பு ரோட்டில் கண்மாய் இருந்த இடத்தில் வீட்டுமனைக் கற்கள் நிற்கின்றன. அவன் ஷாப்பு இருந்த இடம் லாரி நிறுத்துகிற வெற்றிடம். மூக்கை எவ்வளவு இழுத்தாலும் அங்கே டீசல் வாசனைதான் வருகிறது.

போன வருஷம் சிக்கந்தர் மகளுக்கு நிக்காஹ் வைத்திருந்தான். தாடி வெளுத்து, உடம்பு வற்றி, ஆனால் அதே சிரிப்பு. என்னைப் பந்தியில் தன் பக்கத்திலேயே உட்கார்த்திக்கொண்டான். பரிமாறிக்கொண்டிருந்த அவன் மகன், சவூதியில் வளர்ந்த பிள்ளை, என்னிடம் ஆசையாகக் கேட்டான்.

"அத்தா என் வயசுல என்ன வெளையாடுவாங்க மாமா? எதுவுமே சொல்ல மாட்டேங்கிறாங்க."

எனக்கு உடம்பெல்லாம் சொல்லத் துடித்தது. அந்தச் சத்தத்தை, பந்தை வானத்தில் தேடுவதைச் சொல்ல வாயெடுத்தேன். சிக்கந்தர் முந்திக்கொண்டான்.

"நான் எங்க வெளையாண்டேன் அப்பு? ஷாப்பே கதின்னு கெடந்தேன். கேளு மாமாவ."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பையனும் என்னைத்தான் பார்த்தான்.

ஆமாப்பா, ஒங்க அத்தா எதுவும் வெளையாண்டதில்ல என்று நான் சொன்னேன்.