மைனி வாங்கி வந்த சக்

மார்த்தாண்டத்தில் ஒரு மெஷின் சாமான் கடையில், இடது கையை முந்தானைக்குள் செருகிக்கொண்டு மைனி நின்ற காட்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை. அண்ணனைக் கட்டி வந்தவள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கையில் ஏதோ அடிபட்டிருக்கிறது என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மைனி உட்காரவில்லை. மேசைமேல் அவர் எடுத்து வைத்திருந்த சக் என்னும் இரும்புப் பிடியை வலது கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத ஒத்தக் கையால முறுக்க முடியுமா அண்ணாச்சி?" என்று கேட்டாள். அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மரம் கடைகிற லேத்துக்கு சக் கேட்டு ஒரு பெண் வருவதே அவருக்குப் புதிது. அதிலும் இப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை என்று பின்னால் அவரே சொன்னார்.

என் அண்ணன் குழித்துறைப் பக்கம் ஒரு மரச்சாமான் பட்டறையில் கடைசல்காரனாக இருந்தான். கட்டில் கால், நாற்காலிக் கால், மாடிப்படிக் கைப்பிடிக்கான உருளைகள் எல்லாம் அவன் கையில் ஒன்றுபோல வரும். அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் மாற்றம் தெரியாது. ஒரு மழைநாளில் களியக்காவிளையில் மரம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பைக் சறுக்கி விழுந்தான். உயிருக்கு ஒன்றுமில்லை. எலும்பும் கூடிவிட்டது. ஆனால் இடது மணிக்கட்டில் நரம்பு அறுந்து, விரல்கள் மடங்காமல் போயின. அந்தக் கையை ஒரு பொருளின் மேல் வைத்து அழுத்தலாம். எதையும் பற்றிப் பிடிக்க முடியாது. சூடும் சுரணையும்கூட அதில் சரியாகத் தெரியாது. பட்டறை முதலாளி நல்ல மனிதர். மேற்பார்வைக்காவது வந்து உட்கார் என்று வீடு தேடி வந்து கூப்பிட்டார். அண்ணன் போகவில்லை. மற்றவர்கள் கடைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க அவனால் முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டுக்குப் பின்னால் சுவரோடு சாய்த்துக் கட்டிய ஒரு சாய்ப்பில் அவன் சொந்தமாக வாங்கிப் போட்டிருந்த சின்ன லேத் ஒன்று தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. விபத்துக்குப் பிறகு அதை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். அண்ணன் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மைனிதான் வெளியே வந்து, அது விற்பதற்கு இல்லை என்று சொல்லி அவரை அனுப்பினாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அம்மா கேட்டாள். அப்போது அவளுக்கே காரணம் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

காரணம் சில வாரங்கள் கழித்துத்தான் கிடைத்தது. காலையில் துணி காயப்போடப் போன மைனி, சாய்ப்புக்குள் லேத் ஓடும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறாள். அண்ணன் உளியின் பிடியை வலது அக்குளில் இடுக்கி வலது கையால் பிடித்துக்கொண்டு, இடது உள்ளங்கையை உளியின் மேல் சும்மா வைத்து அழுத்தியபடி, நீளமான ஒரு கட்டையைக் கடைந்து பார்த்துக்கொண்டிருந்தான். கட்டையின் நடுப்பகுதிக்கு வரும்போது உளி துள்ளியது. மெஷினை ஒட்டிய முனையில் மட்டும் துள்ளாமல் வழவழவென்று சீவியது. அவன் பார்ப்பதற்குள் மைனி நகர்ந்துவிட்டாள். நீளக் கட்டை அவனுக்கு இனி முடியாது, குட்டையான மரம் என்றால் முடியும் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. குட்டையான மரத்தில் என்ன கடையலாம் என்று அன்று முழுக்க யோசித்திருக்கிறாள். கிண்ணம் கடையலாம்.

நாற்காலிக் கால் கடைய சக் வேண்டாம். கட்டையின் இரண்டு முனைகளையும் இரண்டு கூர்கள் குத்திப் பிடித்துக்கொள்ளும். கிண்ணத்துக்கு அது சரிவராது. உள்ளே குடைய வேண்டும் என்பதால் ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும்; மறுபக்கத்தின் அடிப்பாகத்தை ஏதாவது ஒன்று விடாமல் கவ்விப் பிடித்திருக்க வேண்டும். தாடைகள் வைத்த அந்த இரும்புப் பிடிதான் சக். மைனி அப்போது மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலைக்கு நின்றாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எந்தெந்த நாட்டுக்காரர்களோ கிண்ணம் கடைகிற காட்சிகளை ஃபோனில் பார்ப்பாள். அவர்கள் பேசுவது ஒன்றும் புரியாது. அதனால் சத்தத்தை அணைத்துவிட்டுக் கைகளை மட்டும் கவனித்தாள். விலை குறைந்த சக்குகளை முறுக்க இரண்டு கம்பிகள் வேண்டும், இரண்டு கையும் அதற்கே சரியாகிவிடும் என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தாள். வேறொரு வகையில் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கும். அதில் ஒற்றைச் சாவியைப் போட்டுத் திருகினால் எல்லாத் தாடைகளும் ஒன்றாக நெருங்கி வரும். மற்ற கை மரத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

நாகர்கோவிலில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிற என்னை அவள் துணைக்குக் கூப்பிட்டது, டப்பாக்களின் மேலிருக்கிற ஆங்கிலத்தைப் படித்துச் சொல்லத்தான். மற்றபடி எனக்கு அங்கே வேலையே இல்லை. கடைக்காரர் முதலில் வெளிநாட்டுச் சக் ஒன்றை எடுத்தார். கூடுதல் தாடைகளோடு பட்டுத்துணி விரித்த பெட்டியில் இருந்தது. மைனி விலையைக் கேட்டுவிட்டு மூடியை மெதுவாகச் சாத்தினாள். அடுத்து வந்தது இரண்டு கம்பிகள் வைத்தது, எல்லாவற்றிலும் மலிவு. அப்போதுதான் இடது கையை முந்தானைக்குள் செருகினாள். நான் உதவிக்குப் போனதும், "நீ தொடாத மக்கா. அவியளுக்கு அங்க யாரு இருக்கா பிடிக்க?" என்று அண்ணனை நினைத்துச் சொன்னாள். வலது கையால் மட்டும் முறுக்கப் பார்த்தாள். உள்ளே வைத்த மரத்துண்டு நழுவி விழுந்து மேசைக்கு அடியில் உருண்டது. கடைக்காரர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். அதற்குள் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

இரும்பு லேத்தில் போடுகிற மூன்று தாடைச் சக் ஒன்றும் இருந்தது. சாவியும் உண்டு, விலையும் கையில் இருந்த பணத்துக்குள் அடங்கும். மைனி அதைத்தான் எடுப்பாள் என்று நினைத்தேன். கடைக்காரரே வேண்டாம் என்றார். அதன் தாடைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சுழலும்போது கண்ணுக்குத் தெரியாது, விரல் முட்டி பட்டால் பெயர்த்துவிடும் என்று விளக்கினார். அந்தக் கையில் பட்டாலும் உடனே தெரியாது என்று மைனி தாழ்ந்த குரலில் சொல்லி, அதைத் தள்ளி வைத்தாள். அவர் சற்று நேரம் உள்ளே போய்த் தேடி, பெட்டியில்லாத ஒன்றைக் கொண்டுவந்தார். பெயர் தெரியாத கம்பெனி. காட்சிக்கு வைத்திருந்ததால் மேலே கீறல்கள். நான்கு தாடைகள், ஒரே சாவி. தாடைகள் சக்கின் விளிம்பைத் தாண்டி நீட்டவில்லை. மைனி இடது கையை வெளியே எடுத்து, விரல்களை மடக்காமல் விறைப்பாக வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் மரத்தை அழுத்திப் பிடித்தாள். வலது கையால் சாவியைத் திருகினாள். மரம் நின்றது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. கழற்றிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து செய்து பார்த்தாள். கடைக்கு வந்த இரண்டு பேர் வேடிக்கை பார்த்ததை அவள் சட்டை செய்யவில்லை.

பிறகு கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்திருந்த ஒரு வளையத்தை எடுத்து நீட்டினாள். எங்கள் லேத்தின் தண்டில் மாட்டியிருந்த வளையம் அது. அண்ணன் குளிக்கப் போன நேரத்தில் கழற்றியிருக்கிறாள். சக்கின் திருகுமரை அதைவிடப் பெரிது. அந்த வளையம் மட்டும் இல்லையென்றால், வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்ட முடியாமல் திரும்பி வந்திருப்போம். கடைக்காரர் இடையில் போடுகிற மரை ஒன்றைத் தேடிப் பொருத்திக் கொடுத்தார். கூடுதல் தாடைகளை இப்போது வாங்க வேண்டாம், கடைய ஆரம்பித்த பிறகு தேவைப்படுவதை வாங்கிக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். பஸ்ஸில் அந்தக் கனமான பொட்டலத்தை மைனி மடியிலேயே வைத்திருந்தாள். கடையில் நடந்ததை அண்ணனிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அண்ணன் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தான். "வேற மாதிரி ஒண்ணும் இல்லியா?" என்று மட்டும் கேட்டான். "இருந்துது. இதுதான் நம்ம லேத்துக்குச் சேந்துது" என்றாள் மைனி. சில நாட்கள் அது சாய்ப்பில் அப்படியே இருந்தது. பிறகொரு நாள் லேத் ஓடியது. முதலில் போட்ட அயனிமரத் துண்டு சக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு போய் மேல்கூரையில் அடித்து விழுந்தது. சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்து, இந்த வேலையே வேண்டாம் என்று அழுதாள். அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். வேலை முடிந்து வந்த மைனி, அம்மா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சாய்ப்புக்குள் போனாள். நானும் பின்னால் போனேன்.

"சக்கு விட்டுதா, மரம் விட்டுதா?" என்று கேட்டாள்.

அண்ணன் கட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். சக் கவ்வுவதற்காக அடியில் அவன் விட்டிருந்த குமிழ் உடைந்திருந்தது. "சக்கு விடல. நான் விட்ட குமிழு சின்னதாப் போச்சு. ஓரத்த சரிச்சு வெட்டியிருக்கணும்" என்றான். விபத்துக்குப் பிறகு தன் வேலையைப் பற்றி அவன் வாய் திறந்து பேசிய முதல் பேச்சு அதுதான். மைனி அந்த உடைந்த துண்டை வாங்கி அடுப்பில் போட்டாள். மறுநாள் அவன் வேறு கட்டை எடுத்தான்.

அந்த வருடம், எங்கள் கிறிஸ்தவ சபையார் விளைச்சலின் முதல் பங்கைப் படைத்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைக்கு அவன் கடைந்த முதல் கிண்ணத்தை மைனி முதற்பலனாகக் கோயிலுக்குக் கொண்டுபோனாள். வாழைக்குலைகளுக்கும் மரச்சீனிக் கிழங்குகளுக்கும் நடுவில் பழுப்பு மஞ்சளாக அது உட்கார்ந்திருந்தது. ஆராதனை முடிந்து முற்றத்தில் ஏலம் தொடங்கியது. கோழிகளை ஏலம் விட்ட பிறகு சபை ஊழியரான உபதேசியார் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். அண்ணன்மீது பிரியமுள்ளவர். கை நன்றாக இருந்த காலத்தில் நம் தம்பி எப்படிக் கடைந்திருக்கிறான் பாருங்கள் என்று உருக்கமாகச் சொன்னார். பலர் உச்சுக்கொட்டினார்கள். அண்ணன் பின்வரிசையில் நின்றான். வெளியே போனால் எப்போதும் செய்வதுபோல இடது கையைத் துண்டால் மூடியிருந்தான்.

பெண்கள் பக்கத்திலிருந்து மைனி எழுந்தாள். கூட்டத்தில் குரல் உயர்த்திப் பேசுகிறவள் இல்லை அவள். "பழசு இல்ல உபதேசியாரே. போன வாரம் கடஞ்சது" என்றாள்.

உபதேசியார் கிண்ணத்தை மறுபடி திருப்பிப் பார்த்தார். உள்புறத்தை விரலால் தடவினார். பிறகு கூட்டத்தைத் தாண்டி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையசைத்தான். அதன் பிறகு ஏலம் ஏறியது. அன்று சபையில் வேறெதற்கும் அப்படிப் போட்டி இல்லை. கடைசியில் எடுத்தவர் அவனுடைய பழைய பட்டறை முதலாளி. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நேராக அண்ணனிடம் போய், இதேபோல மூடி போட்டதும் வருமா என்று வியாபாரியாகவே கேட்டார். அனுதாபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். நான் என் மைனியைப் பார்த்தேன். அவள் சேலை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விலை போகாத தேங்காய்களை அடுக்க உதவப் போய்விட்டாள். இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று அந்த முற்றத்தில் நின்ற ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது எனக்கு.

மூடி போட்ட கிண்ணத்துக்குப் பெரிய தாடைகள் தேவைப்பட்டன. அவற்றை வாங்க அண்ணனே மார்த்தாண்டத்துக்குப் போனான். கடைக்காரர் துண்டால் மூடிய அவன் கையைப் பார்த்ததும் ஆளைப் புரிந்துகொண்டு, மைனி அங்கே நின்ற விதத்தை முழுவதுமாகச் சொல்லிவிட்டார். திரும்பி வந்தவன் என்னிடம் மட்டும், நீயும் உடன் இருந்தாயா என்று கேட்டான். இருந்தேன் என்றேன். மைனியிடம் அதைப் பற்றி அவன் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்பட்டபோது துண்டை எடுக்கவில்லை. இடது கை அதன் போக்கில் பக்கத்தில் தொங்க, மைனியோடு ரோட்டில் நடந்து போனான்.

இப்போது மைனி துணிக்கடைக்குப் போவதில்லை. கிண்ணங்களுக்கு மெருகேற்றுவது, வெளியூருக்குப் பொதிந்து அனுப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. சென்ற மாதம் நான் அங்கே இருந்தபோது தோவாளைப் பக்கத்திலிருந்து ஒரு தச்சர் வந்தார். ரம்பத்தில் விரல்கள் போனவர். வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டிருந்தார். பழைய லேத் ஒன்று வாங்கியிருப்பதாகவும், குறைந்த விலையில் நல்ல சக் எது என்று கேட்டுப் போக வந்ததாகவும் சொன்னார். அண்ணன் மெஷினை நிறுத்தினான்.

"அத என்ட்ட கேக்காதீங்க. சக்கு பாத்து வாங்கத் தெரிஞ்சது எனக்க வீட்டுக்காரிக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, உள்ளே பார்த்து மைனியைக் கூப்பிட்டான்.

மெருகுத் துணியோடு வந்த மைனி, அவருக்கு ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டாள். தானும் எதிரில் உட்கார்ந்தாள். அவர் தன் லேத்தின் கம்பெனி பெயரைச் சொல்லத் தொடங்கினார்.

"அது கெடக்கட்டும் அண்ணே. மொதல்ல கையக் காட்டுங்க" என்றாள்.

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு கையைப் பைக்குள்ளிருந்து எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.