ஆகாயக் கப்பலில் வராதவன்

ரங்கூனிலிருந்து சென்னைக்கு நாலு நாள் கடல். நேர்கோட்டில் பறந்தால் ஆயிரத்து நூறு மைல்தான், பதினோரு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று, கப்பல் தளத்தில் என் பக்கத்தில் பாய் விரித்திருந்த மரக்கடை குமாஸ்தா வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் சம்பளத்துக்குப் பறப்பதாவது!

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் துறைமுகம் சேர்ந்தும், வைத்தியப் பரிசோதனை முடிந்து கரையேறப் பகல் பன்னிரண்டு ஆகிவிட்டது. ஐந்து வருஷத்துக்கு முன் அண்ணனை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, முகம் பாராமல் கப்பலேறியவன் நான். இன்று நாலு மணிக் கப்பலில் அவனே வேலைக்காகப் பினாங்கு புறப்படுகிறான் என்று அண்ணி எழுதியிருந்தாள். அதற்குள் அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். ஜட்காக்காரனுக்கு ஆறணா கொடுத்து, இரண்டு மைல் தள்ளியிருந்த ராயபுரம் வீட்டுக்கு ஓடினேன்.

பன்னிரண்டே முக்கால். அண்ணி வாசலிலேயே திகைத்து நின்றாள்.

"இன்னா தம்பி, இங்க வந்து நிக்கிறே? உன்ன இட்டாரத்தான அவரு மீனம்பாக்கம் போய்க்கீறாரு!"

"அங்க இன்னாத்துக்கு அண்ணி?"

"ஆகாயக் கப்பலு அங்கதான எறங்குது! கப்பல்ல வரேன்னு நீதான எழுதிக்கீறே. இது ஆகாயக் கப்பல்ல வந்த காயிதம்னு தபால்காரரு சொன்னாரு. காயிதமே அதுல வரசொல்ல, எழுதினவன் தண்ணிக் கப்பல்லயா வருவான்னு உங்கண்ணன் தெரு பூரா சொல்லிகினு திரிஞ்சாரு. உன்ன பாக்காம பொறப்பட மாட்டேன்னு பொட்டியோட பூட்டாரு."

ரங்கூனில் பெரிய மனுஷனாகிவிட்டேன் என்று காட்டத்தான் கூடுதல் தபால்தலை ஒட்டி ஆகாயத் தபாலில் போட்டேன். அதுகூடக் கல்கத்தா வரைதான் பறந்தது. மிச்ச தூரம் ரயிலில் வந்தது. என் ஜம்பத்தை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து, பரங்கிமலையில் இறங்கி, விமான மைதானம் சேர்ந்தபோது இரண்டே முக்கால். காவல்காரர் ஒருவரைத் தவிர ஆள் இல்லை.

"பொட்டியோட ஒருத்தர் ரெண்டு மணி வரைக்கும் வானத்தையே பாத்துக்கிட்டு இருந்தாருங்க. ரங்கூன்லேர்ந்து இங்க எந்த விமானமும் வராதுன்னு நான்தான் சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"'வேணும்னே அலைய வுட்டுட்டான், அவன் கோவம் இன்னும் தீரல'ன்னாருங்க. தம்பி பசியோட எறங்குவான்னு கொண்டாந்தாராம், இத என்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டாரு."

வாழையிலைப் பொட்டலம். உள்ளே வறுத்த வஞ்சிரத் துண்டுகள், எனக்குப் பிடித்தபடி மிளகாய் தூக்கலாக. காவல்காரர் அதைத் தொட்டிருக்கவில்லை.

திரும்பும் வழியில் ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்றது. துறைமுகம் சேர்ந்தபோது நாலே முக்கால். பினாங்குக் கப்பல் அலைதாங்கிச் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. பொட்டலத்தை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆயிரத்து நூறு மைல் தாண்டி வந்தவனுக்கு ராயபுரத்திலிருந்து மீனம்பாக்கம் போகும் பன்னிரண்டு மைல்தான் எட்டவில்லை. மறுநாளே அண்ணியிடம் விலாசம் வாங்கி, பினாங்குக்குச் சாதாரணத் தபாலில் எழுதினேன். பிரித்துப் படிக்காமலே கிழித்துப் போட்டுவிடுவானோ என்று பயந்து, உறையின் மேலேயே, விலாசத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதினேன்: "அண்ணா, நான் தண்ணிக் கப்பலில்தான் வந்தேன்."